பன்னிரண்டு பேரை வெட்டிய குகை

என் வீட்டுக்காரர் என்னுடைய பழைய சேலை ஒன்றைத் திருடினார். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. கிழிந்துபோன நூல் சேலைதான், சூடான சட்டியை இறக்கிவைக்க வைத்திருந்தேன். ஆனாலும் என் சாமான் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போகாது. தகரப் பெட்டிக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த சேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லை. அவரும் இல்லை.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. ராகலைக் கடையில் கட்டிக்கொடுத்த கருப்பட்டிப் பொட்டலத்தை லயத்துக்கு வந்து சேருவதற்குள் மூன்று தரம் பிரித்துப் பார்ப்பேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், என்னத்துக்குச் சிரிக்கிறாள் என்று ராத்திரி வரை யோசிப்பேன். "இவளக் கட்டிக்கிறவன் கதி அதோகதிதான்" என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகியிருந்தது. பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் புருஷன் சேலையைத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்காக இருக்கும்? நான் முடிவு கட்டிவிட்டேன்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதிலும் காட்டை ஒட்டிய மேல்பகுதி, மேக்கணக்கு என்போம். அங்கே வேலையாட்களின் வரிசை வீடுகளில் கடைசி லயம், அதில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்று எங்களுடையது. யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தது. அரிசி டின்னில் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. தேங்காயெண்ணெய் பாதிப் போத்தல் காணோம். விறகுக்கு என்று ஞாயிறுதோறும் காட்டுக்குப் போகிறவர், மத்தியானம் ஒரு கைப்பிடிச் சுள்ளியோடு வருகிறார். வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே தண்ணீர் விழும் பீலிக்குப் போய், அந்தப் பனியிலும் குளிரிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். குளி குளி என்று நான் கத்தினாலும் கேட்காத மனுஷன்.

அவர் போகும் பாதைதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அது குகைக்குப் போகிற பாதை. அந்தப் பக்கம் யாருமே போக மாட்டார்கள். விறகு பொறுக்கும் பெண்கள் ஓடையைக் கண்டதும் திரும்பிவிடுவார்கள். "பன்னெண்டு பேர வெட்டுன குகை" என்றுதான் அதற்குப் பெயர். கோப்பி பயிரிட்ட காலத்தில் அங்கே பன்னிரண்டு பேரை ஒருத்தன் வெட்டிப் போட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள். நகைக்காக வெட்டினான் என்று ஒரு லயத்தில், பைத்தியம் பிடித்து வெட்டினான் என்று அடுத்த லயத்தில். எதற்காக என்பதில்தான் சண்டை. யார் வெட்டினார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. எங்கள் பக்கத்துக் காம்பிராக்காரருடைய பாட்டன்தான் அது.

பக்கத்துக் காம்பிரா அண்ணன் பெண்சாதியை இழந்தவர். என் வீட்டுக்காரரோடு தேயிலைச் செடி வெட்டுகிற ஒரே கவ்வாத்துக் கூட்டத்தில் வேலை, ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் "வெட்டுனவன் வீடு" என்ற பேச்சு அவரை விடவில்லை. அவருக்கு இருபது வயதில் ஒரு மகள். மலையில் எனக்கு அடுத்த நிரையில்தான் கொழுந்து பறிப்பாள், கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. அவளைப் பெண் கேட்க நானுஓயாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வந்தவர்கள் சாயத்தண்ணி குடித்துவிட்டு, பீலிக்குக் கைகழுவப் போன இடத்தில் யாரோ குகைக் கதையைச் சொல்லிவிட, வெற்றிலைத் தட்டைத் தொடாமலே போய்விட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் உள்ளேயே வரவில்லை. அந்த அண்ணனுக்கு இருந்த ஒரே கவலை அந்த மகள்தான். நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. அவர் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

சேலை காணாமல் போன வாரம் வெள்ளிக்கிழமை, கொழுந்து நிறுக்கிற இடத்தில், எங்களை மேய்க்கிற கண்டாக்கையாவிடம் போய் நின்றேன். என் புருஷன் காட்டில் ஒருத்தியை வைத்திருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் கள்ளச்சாராயம் என்று வேறொன்றைச் சொன்னேன்.

"ஐயா, குகைப் பக்கம் பொக தெரியுதுங்க. யாரோ கசிப்பு காய்ச்சுறாங்க போல இருக்கு."

"யாரு?"

"யாருன்னு தெரியாதுங்கையா. பாத்தத சொன்னேன்."

கண்டாக்கு போய் நாலு அதட்டு அதட்டினால் அந்தப் பெண் ஓடிவிடுவாள், வீட்டுக்காரர் பயந்து அடங்கிவிடுவார் என்பது என் கணக்கு. அன்றைக்குப் பக்கத்துக் காம்பிரா அண்ணன் கொழுந்துச் சாக்குத் தூக்குகிற வேலையில் இருந்தார். எங்களுக்குப் பின்னால்தான் நின்றார். நான் திரும்பியபோது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆனால் எனக்குப் பொறுமை ஏது? அவளை என் கண்ணால் பார்க்காமல் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலையில் அவர் புறப்பட்ட பிறகு நானும் புறப்பட்டேன். ஓடையைத் தாண்டும்வரை வீறாப்பாகத்தான் நடந்தேன். தாண்டியதும் கால் தயங்கியது. ஈரக்காடு, பத்தடிக்கு மேல் தெரியாத பனி, காலெல்லாம் அட்டை. பன்னிரண்டு பேரும் நினைவுக்கு வந்தார்கள். ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்ததால் போய்ச் சேர்ந்தேன். குகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரத்தின் பின்னால் குந்திக்கொண்டேன்.

உள்ளே என் வீட்டுக்காரர் சிரித்தார். என்னிடம் அப்படி அவர் சிரித்து ஒரு வருஷமிருக்கும். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கடந்து இறங்கிப் போனார். அவர் மறைந்ததும் ஒரு தடியைப் பொறுக்கிக்கொண்டு குகை வாசலில் போய் நின்றேன்.

"வெளிய வாடி" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் மெதுவாக, "அண்ணியா?" என்றது.

என் கொழுந்தனார். அவருடைய தம்பி. எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தியாவுக்குப் போய்விட்டதாக எனக்குச் சொல்லப்பட்டவர். கப்பலில் சாப்பிட முறுக்கெல்லாம் சுட்டுக் கொடுத்திருந்தேன். கண் இருட்டுக்குப் பழகியதும் அவருடைய கையையும் காலையும் பார்த்தேன். என் சேலையைக் கிழித்துச் சுற்றியிருந்தது. அவருடைய காது தடித்திருந்தது, புருவத்தில் முடி இல்லை. பெருவியாதி.

"கிட்ட வராதீங்க அண்ணி. அங்கனயே நில்லுங்க."

நான் தடியைக் கீழே போட்டேன். அவர்தான் பேசினார்.

"டாக்டருக்குத் தெரிஞ்சா கொழும்புப் பக்கம் கொண்டு போயிருவாங்க. போனவன் திரும்பி வந்ததில்ல. இங்கன்னா ஞாயித்துக்கெழம அண்ணன் மொகத்தப் பாக்கலாம், அது போதும் எனக்கு. நீங்க வந்தது அவருக்குத் தெரிய வேணாம். நீங்க பயந்து அத்துக்கிட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சுத்தான் மறைக்கிறாரு."

எனக்கு அழுகை வந்தது. அவரைப் பார்த்தா, என் புத்தியை நினைத்தா என்று தெரியவில்லை. அவர் பேச்சை மாற்றினார். நல்ல சுபாவம் அவருக்கு.

"நீங்க படிச்சவங்கதானே அண்ணி. இந்தக் கல்லுல என்னமோ கீறியிருக்கு. எட்டு மாசமா இதப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். என்னன்னு சொல்லுங்க."

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள் நான். அந்த லயத்தில் அதுவே பெரிய படிப்பு. இடுப்பில் கட்டியிருந்த சாக்கின் ஓரத்தால் பாசியைத் துடைத்தேன். கல்வேலை தெரிந்த ஒரு கை ஆழமாகவும் நிதானமாகவும் வெட்டிய எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அம்மை கண்டவர்களை இங்கே விட்டது. மாசி மாதம் பேர் வெட்டி அரிசி நிறுத்தினது" என்று மேலே இருந்தது. அதன் கீழே பெயர்கள். எண்ணினேன். பன்னிரண்டு. அதில் ஐந்து பெண்கள்.

தோட்டத்தில் பேர் என்றால் வெறும் பெயர் இல்லை. ஒரு நாள் வேலை முடித்தால் ஒரு பேர், பாதி நாள் என்றால் அரைப் பேர். செக்ரோல் புத்தகத்தில் பேர் இருந்தால்தான் வாராவாரம் அரிசி. பேரை வெட்டிவிட்டால் அரிசி கிடையாது, ஆள் உயிரோடு இருந்தாலும் இல்லாத கணக்குத்தான். அம்மை கண்டவர்களைக் காட்டில் கொண்டுபோய் விட்டு, இனி இவர்கள் எங்கே பிழைக்கப் போகிறார்கள் என்று பேரை வெட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் அம்மையில் செத்தார்களோ, பட்டினியில் செத்தார்களோ, அந்தக் கல் சொல்லவில்லை.

கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது. "கல்லில் பேர் வெட்டினது" என்று எழுதி, ஒரு பெயர். அது பக்கத்துக் காம்பிரா அண்ணனுடைய பெயர். பாட்டன் பெயரைத்தானே பேரனுக்கு வைப்பார்கள்.

கொழுந்தனார் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"அந்தப் பாட்டன் ஆளுங்கள வெட்டல அண்ணி. பேரத்தான் வெட்டியிருக்காரு. யாரோ சொன்ன பேச்சு எப்படித் திரும்பியிருக்கு பாருங்க."

பன்னெண்டு பேர வெட்டுனவரு. முதலில் சொன்னவன் சரியாகத்தான் சொல்லியிருப்பான். கேட்டவர்களுக்குக் கத்தி வேண்டியிருந்தது. அரிசியை நிறுத்தினவர்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள், செத்தவர்களுக்கு ஒரு அடையாளம் வைத்த மனுஷன் கொலைகாரன் ஆகிவிட்டார்.

"போயி அந்த அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றார் கொழுந்தனார். "நான் சொல்ல முடியாது, நீங்கதான் சொல்லணும். அந்தப் புள்ளைக்கு ஒரு வழி பொறக்கும்."

"சொல்றேன்" என்றேன்.

பாதி மலை இறங்கும்போதுதான் கண்டாக்கையாவின் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாவி, நானே அல்லவா குகைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஆட்கள் கூடும் பெரட்டில் கண்டாக்கையா பேர் கூப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து, பக்கத்தில் போனேன்.

"ஐயா, நான் சொன்னது தப்புங்க. அது பொக இல்ல, பனிங்க."

"பனிக்கும் பொகைக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் வந்து சொன்னியா? பொலிசுக்குச் சொல்லியாச்சு, ரெண்டு மூணு நாள்ல வருவாங்க. போ, மலைக்கு ஏறு."

இனி கொழுந்தனாரைத் தப்பிக்க வைக்க ஒரே வழிதான். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அடுப்பைப் பார்த்தபடி சொன்னேன்.

"ஏங்க, குகைக்குப் பொலிசு வரப் போவுதாம். யாரோ கசிப்பு காய்ச்சுறாங்கன்னு கண்டாக்குகிட்ட சொல்லியிருக்காங்களாம்."

அவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

நான்தான் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். அவர் அடித்திருப்பார், அல்லது அழுதிருப்பார், அதோடு முடிந்திருக்கும். ஆனால் உங்கள் தம்பியைப் பெண் என்று நினைத்தேன், உங்களைச் சந்தேகப்பட்டேன், பின்னாலேயே வந்தேன் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வருமே. பிள்ளை இல்லாதவளைத் தள்ளி வைக்க ஒரு காரணம் போதாதா? யார் மேல் போட்டால் உடனே நம்புவார் என்று என் புத்தி ஒரு நொடியில் தேடியது. கைக்கு எட்டுகிற தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒருவர் இருந்தார்.

"பக்கத்துக் காம்பிரா அண்ணன்தான்னு பேசிக்கிட்டாங்க" என்றேன்.

ஒரு கேள்வி கேட்கவில்லை. உடனே நம்பினார்.

"வெட்டுனவன் வம்சம் வேற எப்படி இருக்கும்" என்றார்.

அந்தப் பாட்டன் யாரையும் வெட்டவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த லயத்தில் நான். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் தம்பியை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போவதாக அவர் ஏற்பாடு செய்தார். ஆனால் பொலிஸ் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. கண்டாக்கையாவும் இரண்டு கான்ஸ்டபிள்மாரும் ஓடைப் பக்கம் ஏறிப் போவதை நிரையில் நின்று பார்த்தேன். கை கொழுந்தை விட்டுவிட்டு முற்றலைக் கிள்ளிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு முன்னால் இறங்கி வந்தார்கள். கொழுந்தனார் முன்னால் நடந்தார். கான்ஸ்டபிள்மார் இருபது அடி தள்ளித் தடியை நீட்டிக்கொண்டு, கிட்டே வராதே என்று சிங்களத்தில், "லங்கட்ட என்ன எப்பா" என்று எதிரில் வந்தவர்களை எல்லாம் விரட்டினார்கள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

எங்கள் நிரைக்குக் கீழே வந்தபோது அவர் தலைநிமிர்ந்தார். நான் குகைக்கு வந்ததைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பக்கத்துக் காம்பிராப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். கல்லில் இருந்ததை நான் அவர்களிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறார். அவளுக்கு ஒன்றும் புரியாமல், "ஐயோ பாவம், என்னப் பாத்து என்னத்துக்குச் சிரிக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

குகையில் அவர் படுத்த இடத்தில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சுவரெல்லாம் கரி என்றார்கள்.

அன்று சாயங்காலம் லயத்து வாசலில், எல்லோரும் பார்க்க, என் வீட்டுக்காரர் அந்த அண்ணனின் சட்டையைப் பிடித்தார்.

"நீதானே சொன்ன? சொல்லு, நீதானே?"

அந்த அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காம்பிரா வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை அவர் என் பின்னால்தான் நின்றார், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருந்தார். விரலை நீட்டியிருந்தால் போதும்.

"ஆமா மச்சான்" என்றார். "நான்தான்."

என் வீட்டுக்காரர் அவர் முகத்தில் துப்பினார். அந்தப் பெண் ஓடி வந்து அப்பனைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கப்பா, ஏன் ஆமாங்கிறீங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். லயத்தில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இல்லை.

அதையும் சந்தேகப்பட்டேன் நான். இந்த மனுஷன் சும்மா எதற்கு ஏற்றுக்கொண்டார், நாளைக்கு வந்து என்ன கேட்கப் போகிறார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. தம்பியை மறைத்து வைத்ததற்காகத் துரை எங்களுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து, தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லியிருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் பீலியில் அந்த அண்ணனைத் தனியாகப் பார்த்தேன்.

"அண்ணே, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் குடத்தை நிரப்பிக்கொண்டே பேசினார்.

"எங்க மேல ஏற்கனவே பன்னெண்டு இருக்கு தங்கச்சி. இதோட பதிமூணு. அதுல என்ன வந்துச்சு. உங்க மேல விழுந்தா ஒண்ணுதான், ஆனா நீங்க தாங்க மாட்டீங்க."

அந்தப் பன்னிரண்டும் உங்கள் மேல் இல்லை அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் இவர் சும்மா இருப்பாரா? மகளுக்காக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கரியைத் துடைத்துக் காட்டுவார். யார் படித்தது, எப்போது படித்தது என்று கேட்பார்கள். பொலிசுக்கு முன்னால் நான் அங்கே போயிருக்கிறேன் என்று தெரிந்தால் என் வீட்டுக்காரர் மிச்சத்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்வார். என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. கொழுந்தனார் இரண்டாம் வருஷம் கொழும்பு ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனார். அதன் பிறகு எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைக் கடைசி வரைக்கும் நன்றாகத்தான் வைத்திருந்தார். ஆனால் தம்பியை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் அந்த அண்ணனைத் திட்டுவார். பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருந்தார், "நான் செத்தா அவன் மட்டும் வாசல மிதிக்கக் கூடாது" என்று. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் செத்த அன்று மத்தியானம் அந்த அண்ணன் வந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியவில்லை. நன்றாகக் கிழடு தட்டியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள் வந்திருந்தாள். அவளுக்கும் தலை நரைத்திருந்தது, கழுத்து வெறுமையாக இருந்தது. இரண்டு பேரும் ரோட்டிலேயே நின்றார்கள். பெரியவன் உள்ளே வந்து என் காதருகே குனிந்தான்.

"அம்மா, ராகலையிலருந்து ஒரு தாத்தா வந்திருக்காரு. அப்பா சொல்லுவாங்களே, அவரு. உள்ள விடவா?"

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாதான் வேணாம்னுட்டாங்களேப்பா" என்றேன்.

அவன் போய்ச் சொன்னான். அந்த அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மகள் ஒரு தடவை திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு அப்பனும் மகளும் பஸ் நிற்கிற பக்கம் நடந்து போனார்கள்.